பழவேற்காடு ஏரிக்கு ஒரு பொதுச் சபை: மற்ற கழிமுகங்களில் எப்படி நடத்துகிறார்கள்?

ஆரணியாற்றான் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். பழவேற்காடு பற்றி இங்கே பேச்சு வரும்போதெல்லாம் பறவைகள், டச்சுக் கோட்டை, காட்டுப்பள்ளி துறைமுகம் என்று போய்விடுகிறது. எல்லாம் பேசவேண்டியவைதான். ஆனால் இந்த முறை ஒரே ஒரு விஷயம் கேட்கிறேன். இந்த ஏரியை நடத்துவது யார்?

எங்கள் நிலவரத்தைச் சொல்கிறேன். கோடையில் முகத்துவாரம் மணல் மூடி அடைபடும். அடைபட்டால் படகு கடலுக்குப் போக முடியாது, கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வராது, ஏரித் தண்ணீர் தேங்கிச் சூடேறும். மழைக்காலத்தில் ஆரணியாற்றுத் தண்ணீர் வந்து முட்டித் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் தோண்ட வேண்டும். தோண்டுவதற்கு நீர்வளத்துறையைக் கேட்கவேண்டும். பறவைகள் சரணாலயம் என்பதால் வனத்துறை ஒப்புதல் வேண்டும். கடலோர ஒழுங்காற்று விதிகள் இருப்பதால் கடலோர மண்டல ஆணையம் வருகிறது. மீனவர் தரப்பில் பேச மீன்வளத்துறை. இதெல்லாம் தமிழ்நாட்டுப் பக்கம் மட்டும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. அங்கே இதே வரிசை இன்னொரு முறை. நடுவில் ஸ்ரீஹரிகோட்டா, ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகக்கூடாது.

இத்தனைக்கும் கீழே ஊர்ப் பஞ்சாயத்துகள், கூட்டுறவுச் சங்கங்கள், மகளிர் குழுக்கள், தொண்டு நிறுவனங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக மனு கொடுக்கிறது. மீனவர் குறைதீர் கூட்டத்தில் ஒரே முகத்துவாரத்தைப் பற்றி நான்கு ஊரிலிருந்து நான்கு மனு போகும், நான்கும் வேறு வேறு இடத்தைத் தோண்டச் சொல்லும். எந்த அதிகாரிக்கும் சும்மா இருக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

இவர்களையெல்லாம் ஒரே இடத்தில் உட்காரவைக்கும் ஒரு சபை இருந்தால் என்ன என்று ஊரில் சிலர் பேசிக்கொண்டிருக்கிறோம். வேறு கழிமுகங்களில் இப்படி நடந்திருக்கிறதா? நடந்த இடத்தில் எது வேலை செய்தது, எது செய்யவில்லை? கேள்விப்பட்டதைவிட, பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

---

கொல்லத்துக்காரன்

வேலை நிமித்தமாக நெடுநாளாகக் கொல்லத்தில் இருக்கிறேன். அஷ்டமுடிக் காயல் பற்றி எழுதுகிறேன். நீங்கள் கேட்டதற்கு நேரடியாகப் பதில் சொல்லக்கூடிய இடம் இது.

கல்லடையாறு வந்து சேரும் காயல் இது. நீண்டகரையில் கடலைச் சந்திக்கிறது. 2002இல் ராம்சர் என்ற உலகச் சதுப்புநிலப் பட்டியலில் சேர்ந்தது. அந்த முகத்துவாரத்தை ஒட்டிய மணல் திட்டுகளில் மஞ்சள் காலுள்ள ஒருவகை மட்டி விளையும். 1980களின் தொடக்கத்தில்தான் இது பெரிய தொழிலாயிற்று. வேகவைத்துச் சதையை எடுத்து உறையவைத்து வியட்நாம், தாய்லாந்து பக்கம் அனுப்பினார்கள். விலை வந்ததும் எல்லோரும் காயலில் இறங்கிவிட்டார்கள். 1991இல் சுமார் 10,000 டன் எடுத்தார்கள். 1993இல் அது பாதியாக விழுந்துவிட்டது.

அந்த வீழ்ச்சிதான் எல்லோரையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், நம் ஊரில் சிஎம்எஃப்ஆர்ஐ என்போமே, அவர்கள் ஆய்வு செய்து மட்டி எப்போது முட்டையிடுகிறது, எந்த அளவில் பிடித்தால் இனம் தாங்கும் என்று சொன்னார்கள். அதை வைத்து மட்டி எடுப்பவர்களும், மாநில மீன்வளத்துறையும், மாவட்ட நிர்வாகமும் சில விதிகள் வகுத்தார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டி எடுக்கக்கூடாது. வலைக்கண்ணி 30 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. இயந்திரம் வைத்துத் தோண்டக்கூடாது. ஏற்றுமதியாகும் சதை கிலோவுக்கு 1,400 துண்டுக்குமேல் போகக்கூடாது. அதாவது பொடி மட்டியை எடுக்காதே.

இவ்வளவுதான் விதி. ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம். மட்டி திரும்பி வந்தது. மூவாயிரம் பேருக்குமேல் பிழைத்தார்கள். பிற்பாடு டபிள்யூடபிள்யூஎஃப் இந்தியா என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து, மட்டி எடுப்பவர்கள், ஏற்றுமதியாளர்கள், விஞ்ஞானிகள், துறை அதிகாரிகள் எல்லோரும் அடங்கிய ஒரு ஆளுகைக் குழுவை முறைப்படி அமைத்தார்கள். 2014 நவம்பரில், வளம் குன்றாமல் மீன்பிடிப்பதற்கான எம்எஸ்சி என்ற உலகச் சான்று கிடைத்தது. இந்தியாவில் எந்த மீன்பிடிப்புக்கும் அதுவரை அது கிடைத்ததில்லை.

என் கருத்து இது. குழு அமைத்ததால் விதி வரவில்லை. விதி முதலில் வந்தது, இருபது ஆண்டு நடந்தது, அப்புறம்தான் குழுவுக்குப் பெயரும் பதிவேடும் வந்தன. உங்கள் ஊரில் சபைக்குத் தலைவர் யார் என்பதிலிருந்து தொடங்கினால் அங்கேயே நின்றுவிடும்.

---

உப்புக்காற்று

அண்ணே, நல்ல தகவல். ஆனால் ஒரு சந்தேகம். ஏற்றுமதியாளர் உட்கார்ந்திருக்கும் குழுவில் காயலில் இறங்குகிறவன் குரல் எவ்வளவு தூரம் எடுபடும்? மூன்று மாதம் தொழிலை நிறுத்து என்று சொல்வது சுலபம். அந்த மூன்று மாதம் அடுப்பு எரியவேண்டியது அவன் வீட்டில். சர்வதேசச் சான்று கிடைத்தால் விலை கூடுவது யாருக்கு?

எங்கள் கடலூர் பக்கமும் பரவனாறு, உப்பனாறு கழிமுகத்தில் இதைப் பார்க்கிறோம். 'அனைத்துத் தரப்பும் பங்கேற்ற கூட்டம்' என்று செய்தி வரும். புகைப்படத்தில் மீனவர் கடைசி வரிசையில் இருப்பார்.

---

கொல்லத்துக்காரன்

உப்புக்காற்று, கேள்வி நியாயமானது. சான்றினால் வந்த கூடுதல் விலை மட்டி எடுப்பவருக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் ஏற்றுமதியாளர் உள்ளே இருந்ததற்கு ஒரு பலன் உண்டு, அதைக் கொஞ்சம் விளக்குகிறேன். காயலில் இறங்கினால் ஒரு ஆள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று காலால் மணலைத் துழாவி மட்டி எடுப்பான்; ஆழமான இடத்தில் படகில் நின்று நீளக் கம்பில் கட்டிய வாரும் வலையால் அடிமண்ணோடு வாருவான். அவன் எந்த அளவு மட்டி எடுக்கிறான் என்று பார்க்க எந்த இன்ஸ்பெக்டராலும் முடியாது. அத்தனை படகு, அத்தனை ஆள். ஆனால் எடுத்ததெல்லாம் வேகவைத்துச் சதையாக விற்றாகவேண்டும். அங்கே ஒரு கிலோவை எடைபோட்டு எண்ணினால் போதும், பொடி மட்டி தெரிந்துவிடும். வாங்குபவன் "இது வேண்டாம்" என்றால் மறுநாள் பொடியை யாரும் வாரமாட்டார்கள். வலையிலேயே சலித்து மணலோடு திரும்பக் காயலில் விட்டுவிடுவார்கள், அது உயிரோடு வளரும். விதியைக் காவல் காக்கும் வேலையை எடைத்தராசு செய்தது. ஏற்றுமதியாளரை வெளியே வைத்திருந்தால் இது நடந்திருக்காது.

ஆகவே யாருக்கு நல்ல மனசு என்று பார்க்காதீர்கள். எந்த இடத்தைத் தாண்டி எல்லாச் சரக்கும் போயாகவேண்டுமோ, அந்த இடத்தைப் பிடித்திருப்பவர் சபையில் இருக்கவேண்டும்.

---

கீதா_முகம்மா

நான் திருநெல்வேலிக்காரி. கல்யாணம் ஆகி வந்தது ஆலப்புழை மாவட்டம் முகம்மாவுக்கு. அஷ்டமுடியில் ஒரே ஒரு மட்டி, ஒரே தொழில். வேம்பநாட்டில் அப்படி இல்லை என்பதால் எழுதுகிறேன்.

இங்கே தண்ணீர்முக்கம் தடுப்பணை இருக்கிறது. குட்டநாட்டில் பெரும்பகுதி கடல்மட்டத்துக்குக் கீழே நெல் விளையும் பூமி. கோடையில் உப்புத் தண்ணீர் ஏறினால் பயிர் போச்சு. அதற்காக வேம்பநாட்டுக் காயலுக்குக் குறுக்கே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளத்தில் அணை கட்டினார்கள், 1970களின் நடுவில் பயன்பாட்டுக்கு வந்தது. டிசம்பர் நடுவில் ஷட்டரை மூடி மார்ச் நடுவில் திறப்பது என்பது கணக்கு.

மூடினால் விவசாயிக்கு நிம்மதி. அதே நாளிலிருந்து மீனவருக்குக் கஷ்டம். கடலிலிருந்து ஏறும் இறால், மீன் குஞ்சுகள் அணைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். உப்பு வராததால் ஆகாயத்தாமரை அழியாது; வாய்க்காலில் படகு போகமுடியாதபடி மூடிக்கொள்ளும். வயலில் அடித்த பூச்சிமருந்து, ஹவுஸ்போட்டுக் கழிவு எல்லாம் ஓட வழியின்றி உள்ளேயே சுற்றும். கறுத்த மட்டி எடுப்பவர்களுக்கும் நல்ல தண்ணீர் மாத்திரம் போதாது, முட்டையிட உப்பு வேண்டும்.

ஷட்டர் எப்போது திறப்பது என்பதற்குக் கலெக்டர் தலைமையில் ஆலோசனைக் குழு உண்டு. பாடசேகர சமிதி என்று நெல் விவசாயிகளுக்கு ஒவ்வொரு வயல்தொகுப்புக்கும் சங்கம். மீனவருக்குத் தனிச் சங்கங்கள். எல்லோரும் வருவார்கள். விதைப்பு பிந்தினால் அறுவடை பிந்தும், அறுவடை பிந்தினால் "இன்னும் பத்து நாள் பொறுங்கள்" என்பார்கள். மார்ச் போய் ஏப்ரல் ஆகும். மீனவர்கள் அணைக்குப் போய்ப் போராட்டம் செய்த ஆண்டுகள் உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் 2007இல் கொடுத்த குட்டநாடு அறிக்கையிலேயே விதைப்புக்கு ஒரு பயிர் நாட்காட்டி வேண்டும் என்று இருக்கிறது. சண்டை அணையில் நடந்தாலும் அதன் வேர் வயலில் விதைக்கும் தேதியில் இருக்கிறது.

ஏட்ரீ என்ற ஆய்வு நிறுவனம் 2007 வாக்கில் இங்கே ஒரு மையம் திறந்தது. அவர்கள் ஷட்டர் சண்டைக்குள் நேரே போகவில்லை. கரையோர ஊர்களில் மீனவர்களைக் கொண்டு காயல் பாதுகாப்பு மன்றங்களை அமைத்தார்கள். மூங்கிலும் மரக்கிளையும் நட்டு மீன் ஒதுங்க இடம் செய்தார்கள், அதற்கு மத்ஸ்யத் தாவளம் என்று பெயர். அந்த வட்டத்துக்குள் யாரும் வலை போடுவதில்லை, மீனவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். 2008 முதல் ஆண்டுதோறும் மீன் கணக்கெடுப்பு நடக்கிறது. விஞ்ஞானிகள், மாணவர்கள், மீனவர்கள் ஒரே படகில் போய் அணைக்கு வடக்கே எத்தனை வகை, தெற்கே எத்தனை வகை என்று எழுதுகிறார்கள்.

இந்தக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பது கூட்டத்தில் உட்கார்ந்தால் தெரியும். விவசாயிக்கு ஏக்கருக்கு இத்தனை குவிண்டால் என்று காகிதம் இருக்கிறது. மீனவரிடம் 'முன்பெல்லாம் நிறைய கிடைக்கும்' என்ற பேச்சுதான் இருந்தது. ஆண்டுக்காண்டு எழுதிவைத்த பட்டியல் வந்ததும் பேச்சின் தோரணையே மாறியது. ஷட்டர் இன்றும் பிந்தித் திறக்கும் ஆண்டுகள் உண்டு. ஆனால் மீனவர் சொல்வதை யாரும் 'கதை' என்று தள்ளமுடியாது.

ஆரணியாற்றான் அண்ணா, உங்கள் சபை வருகிறதோ இல்லையோ, ஏரியில் என்ன கிடைக்கிறது என்று எழுதிவைக்க இன்றே தொடங்குங்கள்.

---

சிந்தாதிரி

இத்தனை சங்கம், குழு எதற்கு? சிலிகா ஏரியைப் பாருங்கள். ஒரிசா அரசு 1991இல் சிலிகா மேம்பாட்டு ஆணையம் என்று ஒன்றே ஒன்றை அமைத்தது. 2000 செப்டம்பரில் கடலுக்குப் புது முகத்துவாரம் வெட்டினார்கள். உப்பு திரும்பியது, மீன் திரும்பியது, 2002இல் ராம்சர் ஆபத்துப் பட்டியலிலிருந்தே சிலிகாவை எடுத்துவிட்டார்கள். அதிகாரம் ஒரே கையில் இருந்தால் வேலை நடக்கும். பழவேற்காட்டுக்கும் அப்படி ஒரு ஆணையம் கேளுங்கள்.

---

ஆரணியாற்றான்

சிந்தாதிரி, சிலிகா முழுதும் ஒரே மாநிலத்தில் இருக்கிறது. எங்கள் ஏரி இரண்டில். அதனால் ஆணையம் என்றால் மத்திய அரசு வரை போகவேண்டும். கேட்கக்கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் அது வரும்வரை சும்மா இருக்கமுடியாது. இன்னொன்று, முகத்துவாரம் வெட்டுவது ஒருமுறை செய்யும் வேலை. யார் எங்கே எப்போது வலை போடுவது என்பது தினசரி வேலை. அதை ஆணையம் செய்யாது.

---

சுத்துவலை

தினசரி வேலை என்று வந்துவிட்டதால் பேசுகிறேன். பாட்டு முறையைப் பற்றி யாருமே எழுதவில்லையே!

தெரியாதவர்களுக்காக: பழவேற்காட்டில் கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களுக்கு ஏரியில் பாடு உண்டு. முகத்துவாரத்தை ஒட்டி, இறால் கடலுக்கு ஓடும் வழியில், குச்சி நட்டு சுத்துவலை கட்டும் இடங்கள் அவை. எல்லா இடமும் ஒன்றுபோல் இல்லை. ஓட்டமுள்ள இடத்தில் கட்டினால் ஒரே இரவில் கூடை நிறையும், ஓரத்தில் கட்டினால் செலவுக்குத் தேறாது. அதனால் யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள், அப்புறம் முறைவைத்து மாறிக்கொண்டே வரும். இன்று நல்ல இடம் கிடைத்தவன் அடுத்த முறை ஓரத்துக்குப் போவான். முறை தப்பி வலை கட்டினால் ஊர்க் கூட்டத்தில் அபராதம். ஊருக்கு ஊர் எல்லைத் தகராறு வந்தால் பெரியவர்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசி முடிப்பார்கள்.

அரசாங்கத்தில் மீன்வளத்துறை என்று ஒன்று வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பிருந்து நடக்கும் ஏற்பாடு இது. மூன்று ஊர் பேசி ஒரே தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்வதைவிடப் பெரிய கூட்டுமேலாண்மை எது? யாரோ சான்று கொடுத்தால்தான் அது மேலாண்மையா?

என் அப்பா முறைச்சீட்டு எழுதிய நோட்டுப்புத்தகங்கள் வீட்டில் இருக்கின்றன. பேர், இடம், தேதி, சில பக்கங்களில் அன்றைய மீன்பாடு எவ்வளவு என்றுகூட ஓரத்தில் குறித்திருப்பார். கீதா அக்கா எழுதிவைக்கச் சொன்னார்களே, அது ஓரளவு எங்களிடம் இருக்கிறது.

---

களப்போரம்

நான் இலங்கை, நீர்கொழும்பு. பாட்டைப் பற்றி வாசிக்கச் சந்தோசமாக இருக்கிறது. எங்கட நீர்கொழும்புக் களப்பிலும் களப்பு வாயை ஒட்டி இறாலுக்குக் கட்டுவலைத் தொழில் இருக்கு. நாலு மீனவர் சங்கங்கள் சேர்ந்து அதை நடத்துகின்றன. இடத்துக்குச் சீட்டுப் போடுவது, முறை மாறுவது எல்லாம் அங்கே சொன்னதுபோலத்தான்.

ஒரு வித்தியாசம் உண்டு. 1958இல் அரசாங்கம் கட்டுவலைக்கென்றே ஒழுங்குவிதி போட்டு இந்த ஏற்பாட்டைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதனால் சங்கத்தின் முறையை மீறினால் அது ஊர்க் குற்றமாக மட்டும் நிற்காது. வெளியாள் வந்து "இது எந்தச் சட்டம்?" என்று கேட்க ஏலாது.

அதே சட்டம் உறுப்பினர் யார் என்பதையும் இறுக்கிவிட்டது என்பதையும் சொல்ல வேணும். பரம்பரையாக வந்த குடும்பங்களுக்கு வெளியே உள்ளவர்கள் அதில் நுழைவது மெத்தக் கடினம்.

---

நண்டுக்கூடை

களப்போரம் கடைசியில் சொன்னதைத்தான் நான் முதலில் சொல்ல வந்தேன்.

சுத்துவலை அண்ணே, பாட்டு முறையை மதிக்கிறேன். ஆனால் அந்த முறையில் கணக்கு தலைக்கட்டு. கல்யாணமான ஆண், அதுவும் குறிப்பிட்ட சமூகம், குறிப்பிட்ட ஊர். ஏரியில் தொழில் செய்வது அவர்கள் மட்டுமா? இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் இருக்கிறார்கள். பல்லில் கூடையைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவார்கள். அவர்களுக்குப் படகு இல்லை, வலை இல்லை, பாடும் இல்லை. மீன் விற்கும் பெண்களுக்கும் கூட்டத்தில் இடமில்லை. பாடு இல்லாத ஊர்க்காரர்கள் வலை போட்டதால் வந்த சண்டைகளும் உங்களுக்குத் தெரியாததல்ல.

பொதுச் சபை என்று ஒன்று வந்து, அதில் மூன்று ஊர்ப் பெரியவர்களே உட்கார்ந்தால், இன்று வாய்மொழியாக இருக்கும் விலக்கு நாளை கையெழுத்துப் போட்ட விலக்காகிவிடும். தண்ணீர் கெட்டால் முதலில் பாதிக்கப்படுவது அதில் நாள்முழுக்க நிற்பவர்கள். அவர்கள் சபையில் இல்லாமல் எந்தச் சபையும் வேண்டாம் என்பது என் கருத்து.

---

சுத்துவலை

நண்டுக்கூடை, வாதத்தை மறுக்கவில்லை. பாட்டில் பங்கு கேட்பது ஒன்று, சபையில் இடம் கேட்பது இன்னொன்று. முதலாவதைப் பற்றி ஊரில் பேசினால் இன்று அடிதடிதான் மிஞ்சும். இரண்டாவதற்கு யாரும் பெரிதாக எதிர்ப்புச் சொல்லமாட்டார்கள் என்று நினைக்கிறேன். முகத்துவாரமும் கழிவும் எல்லோருக்கும் பொது. அதைப் பேசும் இடத்தில் அவர்கள் இருக்கட்டும், இருக்கவேண்டும். பாட்டு முறை பாட்டுக்காரர்களோடு இருக்கட்டும்.

---

நண்டுக்கூடை

இப்போதைக்கு ஏற்கிறேன். இப்போதைக்கு என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

---

எண்ணூரான்

நான் உங்களுக்குத் தெற்கே, கொசத்தலையாற்றுக் கழிமுகத்துக்காரன். எங்கள் அனுபவம் கசப்பானது. ஆனால் உங்கள் சபையைப் பற்றி யோசிக்க அது தேவைப்படும்.

எங்களிடம் ஒற்றுமை குறைவில்லை. மீனவ கிராமங்கள் கூடிப் பேசின, கூட்டமைப்பு உண்டு, சென்னையிலிருந்து சூழலியல் நண்பர்கள் வந்தார்கள், பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்கு நடத்தினோம், வல்லுநர் குழு வந்தது. இத்தனை இருந்தும் ஆறு மெலிந்துகொண்டே போனது. ஏன்? அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய் உடைந்து ஆற்றில் கொட்டுவதை எங்கள் சபையில் தீர்மானம் போட்டு நிறுத்தமுடியாது. சாம்பல் படிந்து, படகில் போன ஆழத்தில் இன்று ஆள் நடக்கிறான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக ஆற்றில் இறங்கியது. வலை, படகு, அலையாத்தி மரம், நண்டு எல்லாவற்றிலும் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. அந்த எண்ணெயை யார் அள்ளினார்கள் தெரியுமா? எங்கள் ஆட்கள். ஃபைபர் படகில் உட்கார்ந்து, மக்கிலும் வாளியிலும் மொண்டு பீப்பாயில் ஊற்றினார்கள். தோல் எரிந்தது, மூச்சு முட்டியது. கழிமுகத்தைக் காக்கும் பொறுப்பு மட்டும் எங்களிடம் வந்தது, அதைக் கெடுக்காமல் தடுக்கும் அதிகாரம் வரவில்லை.

கொல்லத்து நண்பரிடம் ஒரு கேள்வி. எங்கள் ஆற்றில் இப்போது காக்கா ஆழி என்று ஒரு மட்டி அடர்ந்துவிட்டது. தென்னமெரிக்காப் பக்கத்து இனம், கப்பலோடு வந்ததாகச் சொல்கிறார்கள். கம்பளம் விரித்தது மாதிரி அடியை மூடிவிட்டதால் இறால் புதையச் சேறு இல்லை, கையில் பிடிப்பவர்களுக்குக் காலை வைத்தால் வெட்டு. பழவேற்காட்டுக்கும் போய்விட்டது. அஷ்டமுடியில் இது இருக்கிறதா? உங்கள் குழுவால் அதை என்ன செய்ய முடிந்தது?

---

கொல்லத்துக்காரன்

இருக்கிறது. இங்கே அதற்கு வரத்தன் கக்கா என்று பெயர். முகத்துவாரத்து மட்டித் திட்டுகளில் படர்ந்து, மஞ்சள் மட்டி வளரும் இடத்தையே பிடித்துக்கொண்டது. முதலில் நான் எழுதியதைப் படித்தவர்கள் அஷ்டமுடியில் எல்லாம் சுகம் என்று நினைக்கக்கூடாது. மட்டி மறுபடியும் குறைந்துவிட்டது. அண்மையில் சிஎம்எஃப்ஆர்ஐ விழிஞ்ஞம் மையத்தில் குஞ்சு பொரித்து, 30 லட்சம் மட்டிக் குஞ்சுகளைக் காயலில் விட்டிருக்கிறார்கள். மட்டி எடுப்பவர்கள் விதியை மீறியதால் மாத்திரம் வந்த சரிவு அல்ல இது. கல்லடையாற்றில் தென்மலை அணை இருக்கிறது, நன்னீர் வரத்து அதன் கையில். கொல்லம் நகரத்துக் கழிவு காயலுக்குத்தான் வருகிறது. கப்பலில் வந்த மட்டிக்குக் கண்ணி அளவு தெரியாது.

எண்ணூரான் சொன்னதை நான் இப்படிப் பார்க்கிறேன். காயலில் வாழ்கிறவர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொள்ள முடியும், அதை நிறைவேற்றவும் முடியும். அஷ்டமுடியில் அது நடந்தது. காயலில் வாழாமல் அதன் தண்ணீரைத் தீர்மானிக்கிறவர்கள் வேறு. அணையைத் திறப்பவர், கழிவை விடுபவர், கப்பல் கொண்டுவருபவர். அவர்களிடம் ஒப்பந்தம் கேட்க எங்கள் குழுவுக்குப் பலம் இல்லை.

---

கீதா_முகம்மா

வேம்பநாட்டில் ஷட்டர் கூட்டத்தில் ஒரு சின்ன வேறுபாடு உண்டு, எண்ணூரான். விவசாயி உப்புக்குப் பயப்படுகிறவர். அவரும் அதே தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர். அதனால் பேச முடிகிறது. சண்டை போட்டாலும் கல்யாணத்துக்குப் போய் வருவார்கள். உங்களுக்கு எதிரில் இருப்பது ஆள் இல்லாத ஒரு குழாய். அதனிடம் பேசச் சபை போதாது, சட்டம்தான் வேண்டும்.

---

வழக்குப்பை

சட்டம் என்று வந்ததால் சுருக்கமாக.

2011 கடலோர ஒழுங்காற்று மண்டல அறிவிக்கையின்படி மாவட்டந்தோறும் கலெக்டர் தலைமையில் ஒரு குழு இருக்கவேண்டும். அதில் மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோரச் சமூகங்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூன்று பேர் இருக்கவேண்டும். இது யாரும் கருணையால் கொடுப்பதல்ல, அறிவிக்கையில் எழுதியிருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் அந்த மூன்று பேர் யார், கடைசியாக எப்போது கூடினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பல ஊர்களில் அந்தப் பிரதிநிதி யார் என்று ஊருக்கே தெரியாது.

இன்னொன்று. 2017 சதுப்புநில விதிகள் கடலோர ஒழுங்காற்று மண்டலத்துக்குள் வரும் நீர்ப்பரப்புகளைத் தம் வரம்பிலிருந்து விலக்குகின்றன. ஆகவே கழிமுகம் என்றால் சதுப்புநில ஆணையத்துக்கு மனு போட்டு நாள் கடத்தாமல், எந்தப் பகுதி எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று முதலில் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வரைபடமே தவறாக இருந்தால் அதை எதிர்ப்பதுதான் முதல் வேலை. எண்ணூரில் 1996இல் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் இருந்த நீர்ப்பரப்பு பின்னால் வந்த வரைபடத்தில் காணாமல் போன கதை எண்ணூரானுக்கு நன்றாகத் தெரியும்.

சபை பதிவு செய்யப்பட்டதாக இருப்பது நல்லது. நான்கு ஊரின் நான்கு மனுவைவிட, எல்லா ஊரும் கையெழுத்திட்ட ஒரே தீர்மானத்துக்குத் தீர்ப்பாயத்தில் வேறு மரியாதை. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் 6,111 ஏக்கர் என்று பேசுகிறார்கள். கருத்துக்கேட்புக் கூட்டம் 2021இலும் 2023இலும் தள்ளிப்போயிற்று. மறுபடி தேதி வரும்போது உங்கள் ஏரிக்கணக்கு கையில் தயாராக இருக்கவேண்டும்.

---

ஆரணியாற்றான்

எல்லோருக்கும் நன்றி. ஊரில் இதை வாசித்துக் காட்டினேன். பேசி முடிவானதை எழுதுகிறேன்.

பெரிய சபைக்குப் பெயர் வைப்பதை ஒத்திவைத்திருக்கிறோம். முதலில் முகத்துவாரம் ஒன்றைப் பற்றி மட்டும் கூடப்போகிறோம். எந்த இடத்தில் தோண்டுவது, எந்த மாதத்துக்குள் என்று பாடு உள்ள ஊர், பாடு இல்லாத ஊர், கையில் இறால் பிடிப்பவர்கள், மீன் விற்கும் பெண்கள் எல்லோரும் ஒரே தீர்மானம். ஏலக்காரர்களையும் கூப்பிடுகிறோம்; கொல்லத்து நண்பர் சொன்ன எடைத்தராசு எங்கள் ஊரில் அவர்களிடம்தான் இருக்கிறது, பொடி இறாலை வாங்கமாட்டோம் என்று அவர்கள் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

கணக்கு எழுதும் பொறுப்பைச் சுத்துவலை ஏற்றிருக்கிறார், அவர் அப்பாவின் நோட்டுகளிலிருந்து தொடங்குகிறார். கையால் பிடிப்பவர்களின் கணக்கை நண்டுக்கூடையும் அவர் தோழிகளும் தனியாக எழுதுகிறார்கள். தகவல் உரிமை மனுவை இந்த வாரம் அனுப்புகிறோம், வழக்குப்பை வாசகத்தைச் சரிபார்த்துக் கொடுத்தால் நல்லது.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. ஆந்திரப் பக்கத்து மீனவர்களை எப்படி அழைப்பது? ராயதொருவு, தூப்பிலிப்பாளையம் முகத்துவாரங்களும் தூர்ந்து கிடக்கின்றன, அவர்களுக்கும் இதே கவலைதான். ஆனால் எல்லைத் தகராறில் வலை அறுத்துக்கொண்ட பழைய கசப்பு இரண்டு பக்கமும் இருக்கிறது.

---

தடா_ரோடு

அண்ணா, நான் தடா. வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ். எல்லையைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் எங்கள் பக்கம் யாரும் வரமாட்டார்கள். முகத்துவாரத்தைப் பற்றி என்று சொல்லிக் கூப்பிடுங்கள், வருவார்கள். முதல் கூட்டத்துக்குக் கட்சிக்காரர்கள் வேண்டாம், குப்பத்துப் பெரியவர்கள் போதும். இடம் உங்கள் ஊரும் வேண்டாம், எங்கள் ஊரும் வேண்டாம். நடுவில் ஆரம்பாக்கம் பக்கம் வைத்தால் இரண்டு பக்கத்துக்கும் பஸ் இருக்கிறது. தேதி சொல்லுங்கள், நான் ஆட்களோடு வருகிறேன். தெலுங்கில் அழைப்பு எழுதித் தருவதும் என் பொறுப்பு.